அமானத்தைக் காத்தவர்: வைத்தியமேதை இப்னுன் நபீஸ் (ரஹ்)

இவ்வுலக வாழ்வு சில நாட்கள் தங்கிச் செல்லும் சத்திரம் போன்றது. நிலையான வீடு மறுமையில்தான் இருக்கிறது என்று குர்ஆன் மத்ரஸாவில் கால்வைத்த நாளிலிருந்து நாம் கற்று வருகிறோம். அதை மனதார நம்புகிறோம். ஆனாலும் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரைத் தேடுகிறோம். வீதியைக் கடக்கும்போது தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். வயது முதிர்ந்த ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் குடும்பமே கூடி யாஸீன் ஓதி, அவருடைய ஹயாத்தை நீட்டித் தரும்படி அல்லாஹ்விடம் கையேந்துகிறோம். சுவர்க்கம் இவ்வுலகை விட மேலானது என்றால், அங்கே போவதைத் தாமதப்படுத்த ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம்?

எங்கள் உயர்தர உயிரியல் வகுப்பில் ஓய்வுநேரம் ஒன்றில் தோழி ஒருத்தி இக்கேள்வியைக் கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. தற்கொலை ஹராம் என்பதால்தான் என்று ஒருத்தி பதில் சொன்னாள். அது உண்மையான பதில்தான். ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் அது சொல்கிறது. உயிரை ஏன் இவ்வளவு பெறுமதியாகக் கருத வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. அதற்கான விடையைப் புத்தக விளக்கங்களில் தேடுவதை விட, மறுமையை உறுதியாக நம்பிய ஒருவர் இம்மையில் எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்பது நல்லது என எனக்குத் தோன்றியது. அப்படித் தேடியபோது, நாங்கள் பாடத்தில் வரையும் இதயத்தின் படத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு பெரியாரின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது. அவர்தான் அலாஉத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-கர்ஷீ. உலகம் அவரை இப்னுன் நபீஸ் என்று அறியும்.

ஹிஜ்ரி 607ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திமிஷ்க் நகரை அண்டிய பகுதியில் அவர் பிறந்தார். இன்று நாம் டமஸ்கஸ் என்று அழைக்கும் அந்நகரம் அப்போது கல்விக்குப் பெயர் பெற்றிருந்தது. சுல்தான் நூருத்தீன் ஸங்கி கட்டிய நூரி வைத்தியசாலை அங்கே இருந்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சையளிப்பதும் மாணவர்களுக்கு வைத்தியம் கற்பிப்பதும் அங்கே ஒன்றாகவே நடந்தன. அங்குதான் இப்னுன் நபீஸ் வைத்தியம் பயின்றார். அவருடைய ஆசிரியர் முஹத்தபுத்தீன் அத்-தக்வார் அக்காலத்தின் பெயர்பெற்ற வைத்தியர். திமிஷ்க்கில் இருந்த தமது வீட்டையே வைத்தியம் கற்பிக்கும் மத்ரஸாவாக வக்பு செய்துவிட்டு, கி.பி. 1230இல் அவர் வபாத்தானார். ஆசிரியர் செய்த இந்தக் காரியத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாணவரின் வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில் அது மீண்டும் வரும்.

பின்னர் இப்னுன் நபீஸ் மிஸ்ருக்குச் சென்று கெய்ரோவில் குடியேறினார். வாழ்நாளின் எஞ்சிய பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். வைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்த்தார்; மாணவர்களுக்குக் கற்பித்தார்; காலப்போக்கில் மிஸ்ர் நாட்டு வைத்தியர்களின் தலைவர் என்ற நிலைக்கு உயர்ந்தார். சுல்தான் பைபர்ஸுக்கும் அவர் வைத்தியம் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது.

இலங்கை முஸ்லிம்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இப்னுன் நபீஸ் வைத்தியர் மட்டுமல்லர். ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞரும்கூட. கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹு பாடம் நடத்தினார். நம் மத்ஹபின் முக்கிய நூல்களுள் ஒன்றான தன்பீஹுக்கு விளக்கம் எழுதினார். ஹதீஸ் கலையின் அடிப்படைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஷாபிஈ அறிஞர்களின் வரலாற்றை எழுதிய இமாம் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் அந்த வரிசையில் இவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் தொழுகையின் சட்டத்தையும் மாலையில் நாடித்துடிப்பையும் கற்பிக்கக்கூடியவராக அவர் இருந்தார். ஒன்று மறுமைக்கு, மற்றது இம்மைக்கு என்று அவர் தமது வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

மத்ஹபின் இமாமாகிய ஷாபிஈ (ரஹ்) அவர்களும் வைத்தியத்தை மிக உயர்வாக மதித்தார்கள். ஹலால் ஹராம் பற்றிய அறிவுக்கு அடுத்தபடியாக வைத்திய அறிவையே அவர்கள் சிறப்பித்ததாகவும், முஸ்லிம்கள் அதைக் கைவிட்டது பற்றிக் கவலைப்பட்டதாகவும் அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மார்க்கத்தை இவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவர் உடலைக் காக்கும் கலைக்கு இப்படியொரு இடம் கொடுத்தது தற்செயலானதல்ல.

இதே காலத்தில், இதே ஷாம் தேசத்தில், இதே மத்ஹபில் இன்னொரு மேதையும் வாழ்ந்தார். நாற்பது ஹதீஸ் தொகுப்பின் மூலம் நம் எல்லோருக்கும் பரிச்சயமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள்தான் அவர். இளமையில் அவர்களுக்கும் வைத்தியம் படிக்கும் எண்ணம் வந்தது. இப்னு ஸீனாவின் கானூன் நூலை வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் உள்ளம் இருண்டுபோவதைப் போல் உணர்ந்து, அந்நூலை விற்றுவிட்டு ஹதீஸுக்கும் பிக்ஹுக்கும் திரும்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. ஒரே கானூனை ஒருவர் விற்றுவிட்டார். மற்றவரோ அதற்கு விளக்கவுரை எழுதினார். யோசித்துப் பார்த்தால் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அல்லாஹ் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழியை இலகுவாக்கி வைக்கிறான். ஒருவர் உம்மத்தின் மார்க்கத்தைக் காத்தார். மற்றவர் மக்களின் உயிரைக் காத்தார். உயிரையும் மார்க்கத்தையும் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் அடங்கும் என்று நம் உலமாக்கள் கற்பிப்பதும் இதனால்தான்.

இனி அவரை உலகப் புகழ்பெறச் செய்த கண்டுபிடிப்புக்கு வருகிறேன். உயிரியல் படிக்காத பெற்றோருக்கும் தங்கைகளுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

நமது இதயத்தின் கீழ்ப்பகுதியில் வலது இதயவறை, இடது இதயவறை என இரண்டு அறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தடித்த சுவர் ஒன்று உண்டு. வலப்பக்கத்து இரத்தம் இடப்பக்கத்துக்கு எப்படிப் போகிறது? நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன, இரத்தம் அவற்றினூடாகக் கசிந்து செல்கிறது என்று கிரேக்க வைத்தியர் கலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகம் அதையே ஏற்றுக்கொண்டிருந்தது.

கி.பி. 1242 அளவில், முப்பது வயதை அடைந்திருந்த இப்னுன் நபீஸ், கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய விளக்கவுரையில் இதை மறுத்தார். அந்தச் சுவர் தடிப்பானது. கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று தெளிவாக எழுதினார். அப்படியானால் இரத்தத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருக்க முடியும். அது வலது இதயவறையிலிருந்து சுவாசப்பைக்குச் செல்ல வேண்டும். அங்கே காற்றோடு கலக்க வேண்டும். அதன் பிறகே இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். இன்று நாம் பரீட்சைக்கு மனனம் செய்யும் சுவாசப்பைச் சுற்றோட்டம் இதுதான். சுவாசப்பையில் நாடிக்கும் நாளத்துக்கும் இடையே மிக நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் அவர் அனுமானித்தார். நுணுக்குக்காட்டியின் உதவியால் இத்தாலியின் மல்பிகி 1661இல் மயிர்த்துளைக் குழாய்களைக் காணும் வரை, அவற்றைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் என்னைக் கவர்ந்த ஒரு விடயம் உண்டு. மனித உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும், தம் உள்ளத்தில் இருந்த இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று அதே நூலில் அவர் எழுதியிருக்கிறார். உயிர் பிரிந்த உடலைக்கூட மரியாதையோடு நடத்த வேண்டும் என்று நினைத்தவர், உயிரோடு இருக்கும் உடலை எவ்வளவு மதித்திருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலம் அல்ல. 1249இல் பிரான்ஸ் மன்னன் லூயியின் சிலுவைப் படை மிஸ்ரின் கரையில் இறங்கியது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். அங்கே கொல்லப்பட்டோரின் தொகையைச் சரியாக எண்ணியவர் எவரும் இல்லை. 1260இல் அவருடைய பிறந்த மண்ணான திமிஷ்க்கும் அவர்கள் கையில் விழுந்தது. அதே ஆண்டில் ஐன் ஜாலூத் களத்தில் மம்லூக்கியர் அவர்களைத் தோற்கடித்த பின்னரே மிஸ்ர் மூச்சுவிட்டது. மனித உயிர் இவ்வளவு மலிவாகிப்போன காலத்தில், எல்லாம் அழியப்போகிறது, இனி மறுமையை மட்டும் நினைத்திருப்போம் என்று ஒருவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்னுன் நபீஸ் அப்படி ஒதுங்கவில்லை. வைத்தியக் கலை முழுவதையும் அடக்கிய ஒரு பெருநூலை எழுதத் தொடங்கினார். அஷ்-ஷாமில் என்ற அந்நூலை 300 பாகங்களில் எழுதத் திட்டமிட்டு, 80 பாகங்களை முடித்தார். வருங்காலத்தில் பிறக்கப்போகும் நோயாளிகளுக்காக இவ்வளவு எழுதிய மனிதர், உலகம் நிலையற்றது என்பதை அறியாதவர் அல்லர்.

அவர் எழுதும் விதமும் பேசப்பட்ட ஒன்று. கூராக்கிய எழுதுகோல்களை முன்கூட்டியே அருகில் அடுக்கி வைக்கச் சொல்வார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எந்த நூலையும் புரட்டாமல் நினைவிலிருந்தே எழுதுவார். ஒன்று மழுங்கினால் அதைக் கூராக்க நேரம் செலவிடாமல் அடுத்ததை எடுத்துக்கொள்வார். ஒருமுறை பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே எழுந்து வெளியே வந்து, தாளும் மையும் கொண்டுவரச் செய்து, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலைத் தொடர்ந்தாராம். நேரம் ஓர் அமானத் என்பதை உணர்ந்தவருக்குத்தான் இப்படிச் செய்யத் தோன்றும்.

சிகிச்சையிலும் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. உணவை மாற்றினாலே குணமாகும் என்றால் மருந்து கொடுக்க மாட்டார். தனி மருந்து போதும் என்றால் பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து கொடுக்க மாட்டார். இன்று சிறு தடிமனுக்கும் குளிசைப் பைகளைச் சுமந்து வரும் நமக்கு இது நல்ல படிப்பினை. உயிரைப் பேணுவது என்பது மரணத்துக்குப் பயந்து கண்டதையெல்லாம் விழுங்குவதல்ல. உடலுக்குத் தேவையானதை அளவறிந்து கொடுப்பதாகும்.

அவர் எழுதிய இன்னொரு நூல் நம் கேள்விக்கு மிகவும் நெருக்கமானது. மனிதரில்லாத ஒரு தீவில் தானாக உருவாகி வளர்ந்த காமில் என்பவரின் கதை அது. பெற்றோரும் ஆசிரியரும் இல்லாத காமில், தன் அறிவைக் கொண்டே உடலுறுப்புகளைப் பற்றியும், படைத்தவனைப் பற்றியும், நபிமார்களின் அவசியத்தைப் பற்றியும், மறுமையைப் பற்றியும் ஒவ்வொன்றாக விளங்கிக்கொள்கிறார். மறுமையில் உயிர் மட்டும் அல்ல, உடலும் சேர்ந்தே எழுப்பப்படும் என்பது அறிவுக்குப் பொருத்தமானதே என்று அந்நூல் வாதிடுகிறது. உடல் என்பது உயிரை அடைத்து வைத்த சிறைக்கூடு, அது எப்போது உடையும் என்று காத்திருப்பதே ஞானம் என எண்ணிய தத்துவவாதிகள் உலகில் இருந்தார்கள். இப்னுன் நபீஸ் அவர்களோடு சேரவில்லை. மனிதன் என்றால் உடலும் உயிரும் சேர்ந்தவன். அல்லாஹ் நாளை மீண்டும் எழுப்பப்போகும் ஒன்றை நாம் இன்று அலட்சியமாக நடத்துவது எப்படிச் சரியாகும்?

இந்த வாழ்க்கையை நான் இவ்வளவு ஆர்வமாகத் தேடிப் படித்ததற்கு வகுப்பில் எழுந்த கேள்வி மட்டும் காரணமல்ல. என் மூத்தம்மாவும் ஒரு காரணம். மூத்தாப்பா மௌத்தாகி இத்தா முடிந்த சில மாதங்களில், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் எடுத்துவந்த குளிசைகளை மூத்தம்மா நிறுத்திவிட்டார். கிளினிக் கொப்பியை அலுமாரியின் அடியில் வைத்துவிட்டார். உம்மா கேட்டபோது, தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, எழுதப்பட்ட நாள் வந்தால் போகத்தானே வேண்டும், போகிற இடம் நல்ல இடம்தானே என்று அமைதியாகச் சொன்னார். ஐந்து நேரத் தொழுகையைத் தவறவிடாத ஒருவரிடம் இதற்கு என்ன பதில் சொல்வது என்று வாப்பாவுக்கும் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாட்களாக, இப்னுன் நபீஸின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். எழுதப்பட்ட விதியைப் பற்றி அவர் சொன்னதற்கு, உமர் (ரழி) அவர்களின் வரலாற்றை நினைவுபடுத்தினேன். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் அங்கே நுழையாமல் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே செல்வதாக அவர்கள் விளக்கினார்கள். நோய் விதி என்றால் மருந்தும் விதிதான். கஷ்டம் வந்ததற்காக மௌத்தை விரும்ப வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் சொன்னேன். மூத்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதையின் முடிவுக்கு வந்தபோதுதான் எனக்குச் சிக்கல் ஏற்பட்டது. ஏனென்றால் இப்னுன் நபீஸின் முடிவு இப்படி அமைந்தது.

ஹிஜ்ரி 687ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1288 டிசம்பரில், 80 வயதை எட்டிய நிலையில் அவர் நோயுற்றார். ஆறு நாட்கள் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்க்க வந்த வைத்திய நண்பர்கள், அந்நோய்க்கு ஏற்றதென்று எண்ணி, மருந்தாக மது அருந்தும்படி ஆலோசனை கூறினார்கள். அவர் மறுத்துவிட்டார். வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்பதை அவர்களுக்குத் தெரிவித்தார். வெள்ளிக்கிழமையன்று அவருடைய உயிர் பிரிந்தது.

இதைக் கேட்டதும் மூத்தம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வைத்தியரே கடைசியில் மருந்து வேண்டாமென்றுதானே போனார் என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் என்னால் விளக்க முடிந்தது.

இப்னுன் நபீஸ் மறுத்தது மருந்தையல்ல, ஹராமை. அவருடைய மத்ஹபில் மதுவை மருந்தாக அருந்துவதற்கு உலமாக்கள் அனுமதி அளிக்கவில்லை. அந்தச் சட்டத்தை அவரே மத்ரஸாவில் கற்பித்தவர். உயிரைக் காப்பதற்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர், உயிர் தமக்குச் சொந்தமானது என்று ஒருபோதும் எண்ணவில்லை. அது அமானத். ஒருவர் நம்மிடம் ஒரு பொருளை அமானத்தாக ஒப்படைத்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம்? அதைத் தூசி படியாமல் பார்த்துக்கொள்வோம். வீதியில் வீசிவிட மாட்டோம். உரியவர் கேட்பதற்கு முன் நம் கையை விட்டுப் போக விடமாட்டோம். உரியவர் வந்து கேட்கும்போது கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் மாட்டோம். அழுக்காக்கித் திருப்பிக் கொடுக்கவும் மாட்டோம். இப்னுன் நபீஸ் செய்தது இதைத்தான். எண்பது ஆண்டுகள் பேணினார். கேட்கப்பட்டபோது சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மூத்தம்மாவின் குளிசையில் ஹராம் எதுவும் இல்லை. அவருடைய அமானத்தும் இன்னும் திருப்பிக் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத அமானத்தை நாமாகக் கைவிடுவது எப்படிப் பொருந்தும் என்று மட்டும் கேட்டேன். அவர் அதற்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. இஷா தொழுத பிறகு, சாப்பாட்டுக்கு முன் எடுக்கும் குளிசை எது, பின் எடுக்கும் குளிசை எது என்று உம்மாவிடம் கேட்டார். சில நாட்களில் இன்னும் முணுமுணுப்பதுண்டு. ஆனாலும் மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறார்.

இப்னுன் நபீஸின் கடைசிச் செயல் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வபாத்தாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1284இல், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மன்ஸூரி வைத்தியசாலையைக் கட்டி முடித்தார். முன்னொரு காலத்தில் தாம் திமிஷ்க்கில் நோயுற்றபோது நூரி வைத்தியசாலையின் மருந்தால் குணமடைந்து, அதற்கு நன்றியாக இப்படியொரு வைத்தியசாலை கட்ட அவர் நேர்ந்துகொண்டதாக வரலாறு கூறுகிறது. காய்ச்சலுக்கும், கண் நோய்க்கும், சத்திர சிகிச்சைக்கும், பெண்களுக்கும் அங்கே தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு இன்றி எல்லோருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. வக்பு வருமானத்திலிருந்தே எல்லாச் செலவும் நடந்தன. இப்னுன் நபீஸ் கெய்ரோவில் தாம் கட்டியிருந்த அழகிய வீட்டையும், செல்வத்தையும், வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் இந்த வைத்தியசாலைக்கே வக்பு செய்துவிட்டுச் சென்றார். ஆசிரியர் அத்-தக்வார் காட்டிய வழியில் மாணவரும் நடந்தார்.

அந்த வீட்டையும் நூல்களையும் அவர் யாருக்காக விட்டுச் சென்றார்? முகமே அறியாத நோயாளிகளுக்காகவும், இன்னும் பிறக்காத மாணவர்களுக்காகவும்தான். மறுமைக்குப் போகும் வாசலில் நின்றவர், இம்மையில் மற்றவர்கள் இன்னும் சில காலம் நலமாக வாழ வேண்டும் என்று கவலைப்பட்டார். சுவர்க்கத்தை நம்புகிறவர் ஏன் உயிரைப் பேணுகிறார் என்ற கேள்விக்கு இதை விடத் தெளிவான விடையை நான் காணவில்லை. தொழுவதும், தர்மம் செய்வதும், உறவைச் சேர்ந்து நடப்பதும், செய்த தவறுக்குத் தௌபா செய்வதும் இந்த ஹயாத்தில் மட்டுமே முடியும். அறுவடையை நம்புகிறவன் வயலைப் பாழாக விடமாட்டான். ஒருவருக்கு ஒரு நாள் ஆயுள் கூடினால், சுவர்க்கத்துக்குச் சம்பாதிக்க ஒரு நாள் கூடுகிறது. அந்த ஒரு நாளை இன்னொருவருக்குப் பெற்றுக்கொடுக்க உழைப்பவருக்கு அல்லாஹ்விடம் எவ்வளவு கூலி இருக்கும்! ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற குர்ஆனின் போதனையை நாம் அறிவோம்.

அவருடைய கண்டுபிடிப்பு நீண்ட காலம் உலகின் கவனத்துக்கு வராமலே கிடந்தது. ஐரோப்பாவில் செர்வெட்டஸ் 1553இலும், ஹார்வி 1628இலும் எழுதிய பின்னரே இரத்தச் சுற்றோட்டம் பற்றிய உண்மை அங்கே பரவியது. 1924ஆம் ஆண்டில் முஹ்யித்தீன் அத்-ததாவி என்ற மிஸ்ர் நாட்டு இளம் வைத்தியர் ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது, பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியில் இப்னுன் நபீஸின் வரிகளைக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த வரிகள் அவை. புகழ் வந்தாலும் வராவிட்டாலும் அவர் தம் கடமையைச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

அன்புத் தோழியரே, நம்மில் சிலர் நாளை வைத்தியர்களாகலாம், சிலர் தாதியர்களாகலாம். மற்றவர்களுக்கும் இந்த வழி மூடப்படவில்லை. பள்ளிவாசலில் இரத்ததான முகாம் நடக்கும்போது போகும்படி வீட்டாரைத் தூண்டலாம். வீட்டில் இருக்கும் முதியவருக்கு நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுக்கலாம். மனம் சோர்ந்து வாழ்வே வேண்டாம் என்று பேசும் தோழியின் பக்கத்தில் அமர்ந்து, அவள் பேசுவதைக் கேட்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லலாம். இவையெல்லாம் அமானத்தைக் காக்கும் காரியங்களே.

பெற்றோர்களே, மறுமையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அங்கே போவதற்கான பாதை இந்த உடலோடும் இந்த நாட்களோடும்தான் செல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் நலமான ஹயாத்தையும், அதைப் பேணும் பொறுப்புணர்வையும், அவன் கேட்கும் நாளில் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.